தேடி வர ஆள்

அடி ராங்கிக்காரி,

ஒரு வருஷமாக எனக்கு உன்மேல் வயிற்றெரிச்சல். மசாஜ் வகுப்பில் நான்தான் முதல் மார்க். ஆனால் அந்தப் பெரிய மசாஜ் கடை முதலாளியம்மா உன்னைத்தான் வேலைக்கு எடுத்தாள். தங்குவதற்கு அறை, போக வரக் கார். நான் பஸ்ஸுக்கு நின்று கையசைப்பேன். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். திமிர் என்று திட்டுவேன்.

நேற்று நான் வேலை பார்க்கும் கடையில் ஆள் கடத்தலைப் பற்றி வகுப்பு நடந்தது. நடத்திய அம்மா சொன்னார்: "உன்னைத் தேடி வர யாராவது இருக்காங்களான்னுதான் மொதல்ல கேப்பாங்க."

இன்டர்வியூவில் உன் முதலாளியம்மா நம்மிடம் கேட்டதும் அதேதான். "லேட்டானா எங்கண்ணன் வாசல்லயே வந்து நிப்பான்" என்றேன் நான். "எனக்கு யாருமில்லைங்க" என்றாய் நீ. பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன், பாவி!

உங்கள் கடைத் துண்டுகளைத் துவைத்துத் தரும் அக்கா இதை மடிப்புக்குள் வைத்து அனுப்புகிறாள். படித்ததும் கிழித்துவிடு. வகுப்பு நடத்திய அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வெளியே வர விருப்பமென்றால், அழுக்குத் துண்டு ஒன்றில் முடிச்சுப் போட்டு அனுப்பு. போலீஸோடு வருவோம்.

இனி யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், "இருக்கா, ஒரு பொறாமை பிடிச்சவ" என்று சொல்.

இப்படிக்கு,
அவளேதான்