கம்பிக்கு அடியில் இரண்டு விரல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஜிம்மில் பாப்பா சிரித்தாள்.

பாப்பா என்றால் இவருடைய தங்கை. முப்பத்தாறு வயதுப் பாப்பா. விவாகரத்துத் தீர்ப்பு வந்த கையோடு இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அன்றிலிருந்து லீவு போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். ஆபீசுக்கு எப்படிப் போவாள்? அந்த மனுஷனும் அதே ஆபீஸ், ஒரு மாடிதான் வித்தியாசம். "நீ போற இடத்துக்காவது அவளக் கூட்டிட்டுப் போயேன்" என்று அத்தை என் உயிரை வாங்கியதால், போன வாரம் ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் அங்கே சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்காகப் பெரிய பயில்வான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இத்தனை நாள் வெறும் கம்பிதான். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுவரை இறக்கி, மறுபடி மேலே தள்ள வேண்டும். இன்று இரண்டு பக்கமும் சின்ன பிளேட் மாட்டினேன். மொத்தம் இருபது கிலோ. தலைமாட்டில் நான் நின்றேன். முடியாமல் போனால் பிடிக்க ஓர் ஆள் நிற்க வேண்டும், அது அங்கே சட்டம். கம்பி நெஞ்சிலிருந்து ஒரு சாண் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அவள் முகம் மாறியது. 'இதுவும் எனக்கு இல்லையா' என்கிற அந்த முகத்தை நான் வீட்டில் தினமும் பார்க்கிறேன். சட்டென்று இரண்டு விரலைக் கம்பிக்கு அடியில் கொடுத்தேன். மேலே போய்விட்டது.

"நானேவா தூக்கினேன்?"

"பின்னே? நான் தொடவே இல்ல."

பல் தெரியச் சிரித்தாள். இரண்டு விரல்தானே. இதில் என்ன வந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

ஜிம்மில் ஆளுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தையல்காரருக்குச் சட்டைக் கை. இறுகினால் சந்தோஷம், இறுகாவிட்டால் அவரே கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைத்துக்கொள்வார் என்று எனக்குச் சந்தேகம். பேங்க்காரர் வாராவாரம் அதே கண்ணாடி முன்னால், அதே விளக்கடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார். அவர் தொப்பை போட்டோவில் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தாரென்றால் அன்றைய கணக்கு முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பயிற்சி கொடுக்கிற மாஸ்டருக்கு டேப். மாதாமாதம் எல்லோருக்கும் கை, தோள், இடுப்பு அளப்பார்.

பாப்பாவுக்கு இதெல்லாம் வேண்டாம். "கிலோன்னா கிலோதானே அண்ணி. யார் கேட்டாலும் ஒரே பதில்" என்கிறாள்.

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

முப்பது கிலோ. இரண்டு விரல் இப்போது நாலு விரலாகிவிட்டது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் தள்ளுகிறாள், அதனால் தெரிவதில்லை.

வீடு மாறிவிட்டது. சாப்பாட்டு மேஜைக்கு அவளே வருகிறாள். என் பிள்ளைகளோடு சண்டை போடுகிறாள். ராத்திரி இவர், "என் தங்கச்சிய மனுஷியாக்கினது நீதான்" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததாக ஞாபகம் இல்லை. அத்தைகூட எனக்கு முதலில் பரிமாறினார்.

எனக்கு அது பிடித்திருந்தது. எழுதி வைக்கிறேன். பாப்பாவுக்காக மட்டும்தான் செய்தேன் என்று நாளைக்கு நான் பேசக் கூடாது இல்லையா.

ஏப்ரல் 2, புதன்

பாப்பா ஆபீஸ் போனாள்.

காலையில் செருப்பு மாட்டும்போது, "முப்பத்தஞ்சு கிலோ தள்றவ, அந்த ஆள் மூஞ்சியப் பாக்க மாட்டேனா?" என்றாள். சாயங்காலம் வந்ததும் நேராக என் சமையலறைக்கு வந்தாள். லிஃப்டில் அவர் ஏறினாராம். இவள் மட்டும்தான் உள்ளே. முன்பென்றால் இறங்கி ஓடியிருப்பாள். "நான் அசையல அண்ணி. அவர்தான் அடுத்த மாடியிலயே இறங்கிட்டாரு."

கட்டிப்பிடித்துக்கொண்டோம். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையை முதலில் எடுத்தது நான்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

நாற்பது. என் முதுகு விட்டுப்போகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

டேப் நாள். பாப்பாவுக்குக் கையில் கால் அங்குலம் கூடியிருக்கிறது. எனக்கு ஒன்றேகால்.

மாஸ்டர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க எடையே ஏத்தல, அதே பத்து கிலோவத்தானே வெச்சுக்கிட்டு இருக்கீங்க. தோளும் ஏறியிருக்கு. வீட்ல ஏதாவது பண்றீங்களா?"

"எங்க அண்ணி திருட்டுத்தனமா தூக்குறாங்க மாஸ்டர்" என்றாள் பாப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. பாப்பாவின் கம்பியைத் தூக்கித் தூக்கி நான் பலசாலி ஆகிக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

ஏப்ரல் 28, திங்கள்

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவர், கண் பரிசோதனைக்கு. கடைசி வரி எழுத்து அவருக்குத் தெரியவில்லை. ஆனால் விடமாட்டேன் என்கிறார்; எழுத்தை ஊகித்து ஊகித்துச் சொல்கிறார். மகள் பக்கத்தில் நிற்கிறாள், அவள் முன்னால் தோற்கக் கூடாது. "ஐயா, தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. தப்பான பவர்ல கண்ணாடி போட்டா நாளைக்குப் படியில விழப்போறது நீங்கதான்" என்றேன். ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது இதைச் சொல்கிறேன். வாய் கூசாமல்.

சாயங்காலம் மாஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார். ஜூன் முதல் தேதி ஜிம்மில் எடை தூக்கும் நாள். வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம். எல்லோருக்கும் பின்னால் அவரேதான் நிற்பார். "நிக்கிறவங்க விரல் பட்டாலே அந்தத் தூக்கல் செல்லாது."

முதல் பெயராகக் கொடுத்தது யார் என்று எழுத வேண்டுமா? நாற்பது கிலோ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அத்தை எந்தப் புடவை கட்டுவது என்று இப்போதே கேட்கிறார்.

மே 6, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துவிடுவது. இன்றைக்கு நாலு விரல், அடுத்த தடவை மூன்று, அப்புறம் இரண்டு. அவளும் அதற்குள் பலமாகிவிடுவாள். எங்கேயாவது நடுவில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். யாருக்கும் எதுவும் தெரியாது.

எனக்கு மூளை இருக்கிறது என்று இவர் சொல்வதே இல்லை.

மே 9, வெள்ளி

நாற்பது போகவில்லை. முப்பத்தைந்தும் போகவில்லை. "தூக்கம் சரியில்ல போல அண்ணி" என்றாள்.

மே 14, புதன்

முப்பதுக்கு இறக்கியும் போகவில்லை. மூன்று தடவை முயற்சி செய்தாள். மூன்றாவது தடவை கம்பியை நான் எடுத்து வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை, கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள்.

"எனக்கு எல்லாமே இப்படித்தான் அண்ணி. ரெண்டு மாசம் நல்லா இருக்கும். அப்புறம் என்னை விட்டுப் போயிடும். அவரும் அப்படித்தான் போனாரு. எங்கிட்டதான் ஏதோ கோளாறு."

இன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. கதவு சாத்தியிருக்கிறது. அத்தை வெளியே நின்று தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன பண்ணித் தொலச்சேன். அவ ஒரு கிலோகூட இழக்கல. என் கைதான் விலகியிருக்கு. இல்லாத ஒண்ணக் கொடுத்துட்டு, இப்ப அதையும் புடுங்கிக்கிட்டு, அதுக்குக் காரணம் நீதான்னு அவளையே நெனக்க வெச்சிருக்கேன் பாரு — இதுக்கு ஒரு மூளை வேற.

மே 15, வியாழன்

சொல்லிவிட்டேன்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்தது எதுவும் வரவில்லை. "நீ பலவீனமாகல பாப்பா. நான் தூக்கிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"எப்போலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்து."

"அந்த முதல் நாளுமா?"

"ஆமா."

அவள் முகத்தில் அடித்தது அதுதான். நாற்பது பொய்யானதுகூட இல்லை, அந்த முதல் இருபது. அப்புறம் நிமிர்ந்தாள்.

"லிஃப்டுல அசையாம நின்னேனே அண்ணி. அது யாரு? அதுலயும் உங்க விரல் இருந்துச்சா?"

"இல்ல. சத்தியமா அது நீதான்."

"நீங்க சொல்றத இனிமே நான் எப்படி நம்புறது?"

உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை. மன்னிச்சிடு என்றேன். "கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

மே 16, வெள்ளி

பேசவில்லை.

மே 19, திங்கள்

ஆபீஸ் போயிருக்கிறாள். அத்தை சொல்லித்தான் தெரியும். எதை நம்பிப் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

மே 22, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. "நல்லதுக்குத்தானே பண்ண. போயி அவகிட்டச் சொல்லிக் கெடுத்துட்டியே" என்றார் மனுஷன். எனக்கு வந்ததே கோபம். அவள் முப்பத்தாறு வயது மனுஷி, பொம்மை இல்லை என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, அவளை அப்படி நடத்தியது இவர் இல்லை என்று.

பாப்பா இப்போது காலையில், நான் எழுந்திருப்பதற்கு முன்பே ஜிம்முக்குப் போகிறாள். மாஸ்டர் பின்னால் நிற்கிறாராம். எத்தனை கிலோ என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் பயிற்சியை நிறுத்திவிட்டேன். சட்டைக் கை இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. மாட்டும்போதெல்லாம் அவமானமாக இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அத்தை விடவில்லை. கடைசி நாற்காலியில், தையல்காரர் மனைவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்றைக்கென்று மாஸ்டர் பெஞ்சின் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி பொருத்தியிருந்தார். கை விட்டுப்போனாலும் கம்பி அதன்மேல்தான் விழும், ஆள்மேல் விழாது.

பெரியவர் தூக்கினார், பேங்க்காரர் தூக்கினார். பாப்பாவைக் கூப்பிட்டார்கள். நாற்பது என்பதை அடித்துவிட்டு இருபத்தைந்து என்று மாற்றியிருந்தாள். மாஸ்டர் தலைமாட்டுக்குப் போனபோது, "நீங்க வேண்டாம் மாஸ்டர். அண்ணி நிக்கட்டும்" என்றாள்.

அத்தைதான் முதுகில் கை வைத்துத் தள்ளினார். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்தது. "விரல் பட்டா செல்லாது" என்றார். "அவங்களுக்குத் தெரியும்" என்று பாப்பா படுத்துக்கொண்டே சொன்னாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து போனது. இருபத்தேழரை நடுங்கி நடுங்கிப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு எழுந்திருப்பாள் என்று பார்த்தால், முப்பது போடச் சொன்னாள்.

இன்று கண்ணை மூடவில்லை. தலைகீழாக என்னையே பார்த்துக்கொண்டு இறக்கினாள். நெஞ்சிலிருந்து பாதி வந்தது. நின்றது. அதே முகம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்து, உதடு கோணி — ஒரே ஒரு விரல் போதும், எனக்குத் தெரியும். எத்தனை விரலுக்கு எத்தனை கிலோ என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? என் விரல்களை நானே நெரித்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது. முடியவில்லையே, முடியவில்லையே என்று அவளுக்குப் பதிலாக உள்ளே நான் அடித்துக்கொண்டேன். அவள் கை மெல்ல இறங்கியது. கம்பி தாங்கியின்மேல் விழுந்து கட்டடமே அதிர்ந்தது.

பாப்பா அப்படியே கிடந்து மூச்சு வாங்கினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீங்க தொடல அண்ணி" என்றாள்.

"இல்ல பாப்பா" என்றேன்.