மெத்தைக்குள் திருநீறு

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்து சாமான்களை ஒதுக்கும்போது, தியான மெத்தையைத் தருமத்துக்குப் பழைய சாமான் விற்கும் சாரிட்டிக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் மகள். கொடுப்பதென்றால் தோய்த்துக் கொடுப்போமே என்று உறையின் ஜிப்பைத் திறந்தேன். திருநீற்று வாசம் குப்பென்று வந்தது. நாடுவிட்டு வந்து நாம் குடியேறிய மோர்டன் வீட்டுச் சின்ன அறையில் அப்படியே இருந்துவிட்டேன்.

2009 நினைவிருக்கிறதா? வன்னிச் சண்டையில் உங்கள் தம்பி போய்விட்டான் என்று தொலைபேசி வந்த பிறகு நீங்கள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சனிக்கிழமைகளில் நூலகத்து அறையொன்றில் ஆதி பௌத்தம் படிக்கப் போனீர்கள். ஒருநாள் இந்த மெத்தையோடு வந்து, “நான் புத்தரிட்டைச் சரணடைஞ்சிட்டன்” என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இஞ்சாருங்கோ, சிங்கள ஆக்களின்ர சாமியிட்டயோ? அதுவும் இந்த நேரத்தில?”

நீங்கள் சத்தம் போடவில்லை. “புத்தர் ஒருத்தற்றையும் சொத்தில்லையப்பா. அந்தக் காலத்தில அவரிட்டைப் போன கன சனம் வாதத்தில தோத்ததால போகேல்லை. மனம் இடிஞ்சுதான் போனதுகள். அவர் முதலில அழவிட்டார். எனக்கும் அதுதான் வேண்டிக் கிடந்தது.”

என் முன்னால் நீங்கள் ஒருநாளும் அழுததில்லையே என்பதுதான் என்னைச் சுட்டது. சாமியை விட்டவர் என்னையும் விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அடுத்த வெள்ளி, ஆர்ச்வே முருகன் கோயில் திருநீற்றைப் பேப்பர்த் துண்டில் மடித்து இந்த உறைக்குள் ஒளித்தேன். முருகன் இழுத்து வருவான் என்று நம்பிக்கை. நீங்கள் அதன்மேல் இருந்து கண்ணை மூடும்போதெல்லாம் வாசலில் நின்று பார்ப்பேன். முருகனும் அசையவில்லை, நீங்களும் அசையவில்லை.

ஆனால் வெள்ளி தவறாமல் என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோனது நீங்கள்தான். மழையென்றாலும் காருக்குள் காத்திருப்பீர்கள். ஏனென்று கேட்டபோது ஒரு கதை சொன்னீர்கள். பழைய குருமாரை விட்டுத் தன்னிடம் வந்த செல்வந்தர் ஒருவரிடம், அவர்களுக்கும் வழக்கம்போலச் சோறு போடச் சொன்னாராம் புத்தர்.

“பழைய கதவைப் பூட்டாதே எண்டவர் அவர். நான் உம்மட கதவைப் பூட்டுவனே?”

இப்போது கைக்கு வந்த பொட்டலம் நான் வைத்ததல்ல. பேப்பர் கிழிந்திருக்க வேண்டும். நீங்கள் முகம் துடைக்கும் நீலக்கோடு போட்ட கைலேஞ்சியில் அந்தத் திருநீற்றைக் கொட்டி, நூலால் கட்டி, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறீர்கள். தெரிந்துகொண்டா இத்தனை வருடம் அதன்மேல் இருந்தீர்கள்? ஒரு சொல் சொல்லவில்லையே, கள்ளர்!

மெத்தையை நான் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, கைலேஞ்சியை அவிழ்த்துத் திருநீறு பூசிக்கொண்டு அதில் இருக்கிறேன். தியானமெல்லாம் எனக்கு வராது. கண்ணை மூடினால் நீங்கள்தான் வருகிறீர்கள். வந்து, முதலில் என்னை அழவிடுகிறீர்கள்.