நாற்பத்தொரு மீட்டரில் கமலா

நவம்பர் 14, திங்கள்

காலையிலிருந்து மூடிக்கொண்டே இருந்தது; மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. துணி ஒன்றும் காயவில்லை. பாசாருக்குப் போகவில்லை. முருங்கைக்காய் இல்லாத சாம்பார்.

மதராஸிலிருந்து தங்கை கமலாவின் கடிதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேடியோவில் பேசப்போகிறாளாம், மாதர் நிகழ்ச்சியில். என்ன பேச்சு? ரசம் வைப்பது எப்படி! வெந்நீர் போடச் சொன்னால் பாத்திரத்தைத் தீய்த்து வைக்கிறவள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சும்மாவே வந்தது. நான் கல்யாணமாகிக் கப்பலேறியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு கையெழுத்துத்தான். குரல் எப்படி இருக்கும் இப்போது?

அவர் ரயில்வே ஆபீஸிலிருந்து வந்ததும் காட்டினேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் பிஸ்கட் டின்னைத் திறந்தார். அவருடைய பொக்கிஷம் அது. சிற்றலை நிலையங்கள் எல்லாம் ஒவ்வொரு அட்டையில், தேசவாரியாக: லண்டன், ஹாலந்து, பெர்லின், பத்தேவியா. எது எத்தனை மீட்டரில் வரும் என்று பத்திரிகையில் வருவதைப் பார்த்து எழுதிவைப்பார். மதராஸ் அட்டையை எடுத்தார். முகம் வாடிவிட்டது.

"அறுபது மீட்டர்னு எழுதியிருக்கேன். நம்ம ரேடியோப் பெட்டியில முள்ளு அம்பத்தொண்ணோட நின்னுடும்."

"அப்போ?"

"அப்போ கேக்காது."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 15, செவ்வாய்

வாங்க: து. பருப்பு, சோப், பெருங்காயம், அவருக்கு வெள்ளை அட்டை.

கிள்ளானில் அவருடைய சிநேகிதர் வீட்டில் பெரிய ரேடியோ இருக்கிறது, அறுபதும் வருமாம். ஆனால் அந்த வீட்டம்மா படுத்த படுக்கை. அங்கே போய் உட்கார்ந்து ரசம் கேட்க முடியுமா? வேண்டாம் என்றேன்.

நேற்றைய ஈரத்துணி ஒருவழியாகக் காய்ந்து, அதை மடித்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. இதே வேலை செய்யும்போது ஒருநாள் ரேடியோவில் தமிழ் கேட்டேனே!

எனக்கும் ஒரு பட்டியல் உண்டு. நாள்காட்டியில் கிழித்த தாள்களின் முதுகில் எழுதி, அடுப்படிக் கொக்கியில் குத்தி வைப்பது. தேசமெல்லாம் யாருக்குத் தெரியும்? அரிசி களையும்போது இன்னது, விளக்கேற்றும்போது இன்னது, அவ்வளவுதான். தேடினேன். எண்ணெய்ப் பிசுக்கோடு கிடைத்தது: 'துணி மடிக்கும்போது. 41க்குக் கிட்டே. தமிழ். முறுக்கு மாவுப் பதம் சொன்னாள். கரகரப்பு.' எந்த ஊர் என்று எழுதவில்லை. முறுக்கு எந்த ஊராயிருந்தால் என்ன என்று விட்டிருப்பேன்.

அவருக்கு ஒரே சிரிப்பு. "துணி மடிக்கிறது ஒரு மணியா? எந்தக் கடிகாரத்துல இருக்கு?"

"உங்க கடிகாரத்துலதான் கமலாவே இல்லையே" என்றேன்.

அது சுட்டிருக்க வேண்டும். பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்த துண்டுகளை எல்லாம் தரையில் பரப்பினார். காபி ஆறிப்போயிற்று. கடைசியில் ஒரு துண்டின் அடியில், எறும்பு எழுத்தில்: மதராஸ், பகலில் 41, இரவில் 60. ஒரு நிலையத்துக்கு ஓர் எண் என்று அட்டையில் கட்டம் போட்டிருந்தார். இரண்டாவதற்கு இடமில்லை, விட்டுவிட்டார். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது.

ஆனால் பகல் எப்போது முடிந்து இரவு எப்போது தொடங்குகிறது என்று போடவில்லை. அங்கே ஐந்து மணி பகலா, இரவா?

நவம்பர் 16, புதன்

அங்கே ஐந்து என்றால் இங்கே ஏழு அடிக்கப் பத்து நிமிஷம். அவர் மூன்று தடவை கணக்குப் போட்டார். இன்று ஒத்திகை பார்த்தோம். வெறும் இரைச்சல். அவல் பொரிகிற சத்தம்.

"அதுக்குள்ள அறுபதுக்கு மாத்திட்டான் போல" என்றார்.

அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஸ்டேஷனை மாற்றியது அவரா? பாவம். சாப்பாட்டுக்குக் குழம்பு வைக்கவில்லை. மோர் மட்டும்.

நவம்பர் 17, வியாழன்

நல்ல வெயில். துணி உலர்த்தப் போனால், அங்கே பார்க்கிறேன்: ரேடியோவின் ஏரியல் கம்பியில் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவின் இரண்டு புடவை, அக்கா வீட்டுக்காரரின் காக்கி நிக்கர், ஒரு கைலி! பாரத்தில் கம்பி தொய்ந்து, கூரையோரம் கழன்று தொங்குகிறது.

"அக்கா! இது ரேடியோ கம்பிக்கா!"

"தெரியும்லா. பாட்டு உள்ளாறதானே ஓடுது? வெளிய சும்மா கெடக்கேன்னு நேத்தே போட்டேன். ரெண்டு நாளா மழையாச்சே."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. புடவையை உருவிக்கொண்டே, "ஒந் தங்கச்சியா! நாளைக்கு ஒரு காக்காய உக்கார விடமாட்டேன்" என்றார். மத்தியானம் ஒரு தட்டு பீசாங் கோரேங் அனுப்பினார், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. இரண்டு தின்றேன். மூன்று.

அவர் வந்ததும் ஏணி போட்டுக் கம்பியை இழுத்துக் கட்டினார். கட்டி இறங்கவும் இடி. மின்னலுக்குப் பயந்து கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டோம். ஒத்திகை இல்லை. கம்பிதான் குற்றவாளியா, இல்லை உண்மையாகவே 60க்குப் போய்விட்டார்களா? தெரியாது. நாளைக்கு ஒரே வாய்ப்பு. பிள்ளையாரப்பா.

நவம்பர் 18, வெள்ளி

மழை இல்லை! மேகம் பங்சார் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது.

அவர் கம்பியைப் பெட்டியில் திரும்ப மாட்டினார். விளக்கை முன்கூட்டியே ஏற்றினேன். செல்லம்மாக்கா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்கு வருவதுபோல. துணியை மடியில் போட்டுக்கொண்டேன்.

அவர் முள்ளை நகர்த்தினார். இரைச்சல். தந்தி டிக் டிக். சீனப் பாட்டு. பிறகு 41க்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஓர் ஆண் குரல், தமிழில்! அவர் விரலை எடுக்கவே இல்லை. அடுத்து ஒரு பெண். யாரோ பெரிய மனுஷி குரல். இது அவளில்லை என்று நினைத்தேன். அப்புறம் அடுத்த வாக்கியம் எடுக்குமுன் 'உம்' என்று மூச்சு இழுத்தாள். ஐந்து வயதில் பாடம் ஒப்பிக்கும்போது இழுத்த அதே மூச்சு. கமலா. என் கமலா. அழுதேன், யார் இருந்தால் என்ன.

குரல் ஏறுகிறது, இறங்குகிறது. புளி கரைத்தாள். தக்காளி போட்டாள். மிளகு சீரகம் பொடித்தாள். கடுகு தாளித்து, கொத்தமல்லி தூவி, இறக்கியே விட்டாள்.

"பெருங்காயம்டி! பெருங்காயம்!" என்று கத்திவிட்டேன், பெட்டியைப் பார்த்து.

ரேடியோவில் காகிதம் சலசலத்தது. பிறகு சொன்னாள்: "மன்னிக்க வேணும். பெருங்காயத்தை விட்டுட்டேன். எங்க அக்கா கேட்டுக்கிட்டிருந்தா இந்நேரம் கத்தியிருப்பா."

செல்லம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுடுச்சுலா அவளுக்கு!"

பேச்சு முடிந்து வீணை வந்ததும் அவர் புது அட்டை ஒன்றை எடுத்தார். மதராஸ். பகல் 41, இரவு 60. அழகான ஆபீஸ் கையெழுத்து. நேரம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. என்னைப் பார்த்தார். எழுதினார்: துணி மடிக்கும்போது.

துணி அப்படியே கிடக்கிறது.