பாய் கடை முன்னால் நின்ற வண்டி

என் அருமை அண்ணாவுக்கு,

வாயாடி என்று நீ பேர் வைத்த உன் தங்கை காஞ்சனா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் மகள் தீபா மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கோபம் வந்தால் உன்னைப் போலவே மூக்கைச் சுளிக்கிறாள். உன் பிக்கப் வண்டியை இப்போது அண்ணிதான் ஓட்டுகிறார். இதையெல்லாம் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆனால் உனக்கு எல்லாம் தெரியும், நீ கூடவேதான் வருகிறாய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டோம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

அந்த வண்டியை நீ சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? யாரோ ஓட்டித் தேய்த்த வண்டிதான். ஆனாலும் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவையே கூட்டிவிட்டாய். "இது சாதா வண்டி இல்ல, கம்ப்யூட்டர் வண்டி. எவ்ளோ டீசல் வேணும்னு அதுவே கணக்குப் போட்டு ஊத்திக்கும்" என்றாய். "கம்ப்யூட்டர்னா டிவி எங்க கீது?" என்று நான் கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு. பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் என் கையைப் பிடித்து உள்ளே நுழைத்து, டிபன் பாக்ஸ் அளவில் இருந்த ஒரு அலுமினியப் பெட்டியைத் தொடவைத்தாய். "இதான் மூளை. உனக்கு இல்லாதது." தெருவே சிரித்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

ஏரி வற்றிய அந்தக் கோடையில் அண்ணிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாயே, அதையும் மறக்க முடியுமா? மேய்ந்த ஆடுகள் எல்லாம் கரையேறி ஓடின. நீ போட்ட சத்தத்தில் அண்ணி நடு ஏரியில் இறங்கி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு, ஜன்னலில் தலையை நீட்டிக் கெஞ்சிக்கொண்டே வந்தாய். "ஏறு லட்சுமி, ஊரே பாக்குது." அண்ணி ஏறவில்லை. அப்படியே வீடு வரைக்கும் வந்தீர்கள்.

அந்தப் பாடம்தான் சோறு போடுகிறது, அண்ணா. நெஞ்சுவலி என்று சொல்லி ஒரு வாய் தண்ணீர் கேட்டவன், அது வருவதற்குள் போய்விட்டாய். வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அண்ணி யாரிடமும் சொல்லாமல் போய் லைசென்ஸ் எடுத்து வந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொம்பள இன்னாத்துக்கு லோடு வண்டி ஓட்டிக்கினு" என்றார்கள். கத்திரியும் வெண்டையும் வாடாமல் வாலாஜாபாத் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர ஆரம்பித்ததும், அதே வாய்கள் "நம்ம தோட்டத்துக்கும் வந்துட்டுப் போம்மா" என்றன. துணைக்கு நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. பாலாற்றுக்கு இந்தப் பக்கம், நீ தினமும் டீ குடிக்க நிறுத்துவாயே, ரஹீம் பாய் கடை, சரியாக அதன் முன்னால் வண்டி தானாக நின்றது. சாவியைத் திருப்பினால் உயிரில்லை. பாய் கடையை விட்டு ஓடி வந்தார். எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. "அவன் டீ கேக்கறாம்மா" என்றார். டீ குடித்து முடித்தோம். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

மறுநாளும் அங்கேதான் நின்றது. அதற்கடுத்த நாளும். அப்புறம் எங்கள் வண்டி வரும் நேரத்துக்கு பாய் உனக்கும் சேர்த்து டீ ஆற்றி வைத்துவிடுவார். உன் கிளாஸ் டேஷ்போர்டின் மேல், ஸ்டியரிங் பக்கம் இருக்கும். தீபா வந்த நாளில், "நைனாவுக்கு சக்கர பத்துமா பாய்?" என்று கேட்டுத் தொல்லை பண்ணுவாள்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர், அங்கே மட்டும் பேசினார். நான் டீயை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விடுவேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். சில நாள் சிரிப்பார். புருஷன் பெண்டாட்டி பேச்சில் எனக்கு என்ன வேலை?

காஞ்சிபுரத்தில் மெக்கானிக் சேகரிடம் ஆயில் மாற்றப் போனபோது, வாய் சும்மா இல்லாமல் நான் இந்த அதிசயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தலைமுடி காயவைக்கும் மிஷினைக் கொண்டுவந்து, ஓடுகிற வண்டியின் அந்தப் பெட்டிக்கு அனல் காற்றைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது. "உள்ள ஈயப் பத்து வுட்டுப்போச்சுக்கா. சூடானா பிரியுது, ஆறினா ஒட்டிக்குது. உங்க ஊர்லேர்ந்து அந்தக் கடை வரைக்கும் ஓடினா அந்தச் சூடு வந்துடும். அவ்ளோதான். மாத்திடுங்க, இது நடுரோட்ல நிக்கும்."

"நீ இப்பிடி சூடு காட்டினா எந்த மனுசன்தான் தாங்குவான்?" என்று அண்ணி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் மாற்ற ஆசையா? அந்தப் பெட்டியைக் கழற்றினால் உன்னையே கழற்றி எறிகிற மாதிரி எனக்கும் பட்டது.

சித்திரை பிறந்தது. வெயில் என்றால் வெயில், மண்டையைப் பிளக்கிற வெயில். தீபாவுக்கு லீவு. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள். பாய் கடை வர இன்னும் தூரம் இருந்தது. ஏரிக்கரை வளைவில், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது வண்டி செத்துவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும் என்று உனக்குத் தெரியும். அண்ணி எழுந்து நிற்காத குறையாக மிதித்தார். பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து, வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போயிற்று. கரை விளிம்பில் நின்றோம். நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். கீழே தண்ணீர் தெரிந்தது.

அண்ணி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு அண்ணி சொன்னார்: "இது அவுரு இல்ல, காஞ்சனா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கொயந்தைய வச்சிக்கினு வர்றேன். அவுரா இருந்தா இங்க நிறுத்துவாரா? இது அவுரே இல்ல."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார் பார், நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. நான் தேற்றவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? எனக்கும் அன்றுதான் நீ செத்துப்போனாய்.

மறுநாளே சேகரிடம் போனோம். அடிபட்டு ஓரங்கட்டின வேறொரு வண்டியின் பெட்டியை, நம்முடையதன் மேல் இருந்த அதே நம்பர் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார், பழையதை எடுத்தார், புதியதை முடுக்கினார். லேப்டாப்பை மாட்டி நம் வண்டியின் விவரமெல்லாம் ஏற்றினார். பழைய சாவியைப் புதுப் பெட்டி ஏற்க மறுத்தது. புதுசாக வந்த மருமகளுக்கு வீட்டு மனுஷரைக் காட்டுவது போல, சாவியையும் அதற்கு அறிமுகம் செய்துவைத்தார். "அந்த வண்டியோட ஞாபகமெல்லாம் இதுல இருக்குமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அழிச்சிட்டுத்தான்க்கா போடுவோம்" என்றார். சுருக்கென்றது எனக்கு.

பழைய பெட்டியைத் துணியில் சுற்றி நீட்டினார் சேகர். நான் கை நீட்டினேன். "அது வேணாம், நீயே வச்சிக்கோப்பா" என்று அண்ணி வண்டியில் ஏறிவிட்டார்.

இன்று காலை லோடு ஏற்றிக்கொண்டு போனோம். வண்டி உன் காலத்தில் ஓடியது போல ஓடிற்று. புளியமரம் தெரிந்தது. பாய் எங்களைப் பார்த்துவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார். வண்டி நிற்கவில்லை. "அண்ணி, பாய் கடை" என்றேன். "பாத்தேன்" என்றார். கால் பிரேக் பக்கமே போகவில்லை. திரும்பிப் பார்த்தால், பாய் கிளாஸோடு ரோட்டுக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு அண்ணி மேல் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்? இவ்வளவுதானா, அதற்குள்ளாகவா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பாலாறு தாண்டின பிறகு அவரே சொன்னார். பார்வை ரோட்டை விட்டு நகரவில்லை.

"இத்தினி நாளா தெருவுல நிக்க வச்சே டீ குட்துக்கினு இருந்தோம், காஞ்சனா. அவுருக்கு வூடு இல்லியா? வாசல் இல்லியா? டீ வேணும்னா வூட்டுக்கு வரட்டும்."

சொல்லும்போது குரல் உடைந்தது. வண்டியின் வேகம் குறையவில்லை.

சாயந்திரம் பாய் கடையில் நிறுத்தினோம். மன்னிப்பு கேட்டு, அவர் எந்தத் தூள் போடுகிறார் என்று விசாரித்து, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தோம். இதை எழுதும்போது அண்ணி அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று தாயும் மகளும் சண்டை போடுவது இங்கே கேட்கிறது.

ஆகவே அண்ணா, இனி நீ வண்டிக்குக் காவல் வர வேண்டாம். அண்ணி ஓட்டுகிற காலம் வரைக்கும் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன், இது உன்மேல் சத்தியம். நீ ரோட்டில் நின்றது போதும். வீட்டுக்கு வா, டீ ஆறுகிறது.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த வாயாடி,
காஞ்சனா
உத்திரமேரூர்