ஷிப்ட் முடிந்தும் மேலே வராத பதிலி

அப்பா, அறிவியல் புத்தகத்திலிருந்து அந்தச் சீட்டு மறுபடியும் கீழே விழுந்தது. நீ போய் ஆறு மாதமாகியும் அதில் ஆஸ்பத்திரி வாசனை போகவில்லை. அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பெங்களூர் டாக்டர் உன் கல்லீரல் புற்றைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை, பல வருடமாக உனக்குள் இருந்ததாம். அது புண்ணாக்கப் புண்ணாக்க, செத்த செல்களின் இடத்தை நிரப்ப ஸ்டெம் செல்கள் விழித்துப் பெருகுமாம். அவற்றில் ஒன்று தடம் மாறியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

நீ சிரித்தாய். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கம் மூடும் முன், வேலைக்கு வராதவன் இடத்தில் கேஜ் கூண்டில் இறங்குவதற்காகக் கேட் ஓரம் காத்து நின்ற பதிலி ஆள் அல்லவா நீ!

"இன்னா டாக்டர், எங்க பதிலி மாதிரி கீதே! ஷிப்ட் முடிஞ்சா கேஜ் ஏறி மேல வந்துடணும். என் ஈரல்ல எறங்குனவன் உள்ளயே குடும்பம் நடத்திக்கினு கீறான்."

டாக்டரும் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

கிளம்பும்போது அவர் என்னிடம் இந்தச் சீட்டைத் தந்தார். வீட்டில் எல்லோரும் இந்தக் கிருமிக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "இன்னாடி எழுதிக்கீது?" என்று அம்மா கேட்டாள். "அப்பா மாத்திரை பேருதாம்மா" என்றேன்.

நான் சொன்னது பொய். நீ குடித்ததே இல்லை. ஆனால் ஆண்டர்சன்பேட்டைக் கடையில் ஒருத்தி, "குடிச்சே ஈரல உட்டுட்டாரு" என்றதிலிருந்து அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. அவளுக்கு இன்னொரு பயத்தையும் எப்படிக் கொடுப்பேன்?

இன்று வகுப்பில் ஸ்டெம் செல் பாடம். நான் ஈரல் இருக்கும் வலது விலாவில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அம்மா, "சோறு வோணாம், ஒரே அசதியா கீது" என்று படுத்துவிட்டாள். இரண்டு நாளாக இப்படித்தான். சற்று முன் வெளிச்சத்தைக் காட்டி அவள் இமையைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சளா, போன் வெளிச்சமா, தெரியவில்லை. "தூங்குடி, கழுத" என்று திரும்பிக்கொண்டாள்.

கிருமி இல்லையென்றால் தடுப்பூசி, இருந்தால் மருந்து, ஸ்கேன். எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் மறைத்துவிட்டேன், அப்பா.

சீட்டைப் புத்தகத்தில் திரும்ப வைக்கவில்லை. அம்மாவின் தலையணைமேல் வைத்துவிட்டேன். விடிந்ததும் சரியாகப் படித்துச் சொல்வேன்.

உன் சிரிப்பு என்னிடம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேறென்ன இருக்கிறது என்பதை ரத்தம்தான் சொல்ல வேண்டும்.