ஐந்தரை அடிப் பாலம்

நார்ஃபோக்,
16 செப்டம்பர் 1987

அன்பு மகள் ஹேஸலுக்கு,

அம்மா எழுதுகிறேன். வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அப்பாவுக்குத் தோள் சரியாக இருக்கிறது, கைதான் கொஞ்சம் நீளம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப்போட்டேன். இன்று எப்படியும் முடித்துத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

வழக்கம்போல ஆகஸ்ட் கடைசி வாரம் நம் பாய்ப்படகை எடுத்துக்கொண்டு ஆற்றில் கிளம்பினோம். முதல் மூன்று நாளும் மழை. அடுப்பு நனைந்து, ரொட்டியும் டப்பா மீனுமாகத்தான் சாப்பாடு. அப்பா அதிகம் பேசவில்லை. எதிரே படகு வந்தால் மட்டும், "யாரு அது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இருபது வருஷப் பழக்கக்காரர்களைக்கூடக் கேட்டார். மழையில் தெரியவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் பழைய கல் பாலத்துக்கு வந்தோம். அங்கே எங்களுக்குள் வேலை பிரித்துக்கொண்டதுதான், நீ பார்த்திருக்கிறாய். கரையோரம் நிறுத்தி, பாயை இறக்கி, பாய்மரத்தைப் படுக்கவைத்ததும் நான் சுக்கானைப் பிடிப்பேன். அப்பா முன்னால் நின்று நீண்ட கழியால் உந்துவார். வளைவுக்கு அடியில் எத்தனை அடி இடைவெளி இருக்கிறது என்று அளவுப் பலகையைப் பார்த்து அவர்தான் சத்தமாகச் சொல்வார். மரத்தைச் சாய்த்த பிறகும் நம் படகுக்கு ஆறு அடி வேண்டும்.

அன்றைக்குப் பலகையை வெகுநேரம் பார்த்தார். கோழி பார்ப்பதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "ஆறரை இருக்கு. விடு, போலாம்" என்றார். எனக்குப் பலகை தெளிவாகத் தெரிந்தது, ஹேஸல். ஐந்தரை. மழைத் தண்ணீர் ஏறியிருந்தது. பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் அவர் சொன்ன அளவு ஒருநாளும் தப்பியதில்லை. நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்துச் சுக்கானைத் திருப்பினேன். அதற்காக என்னை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீரோட்டம் எங்களை இழுத்துக்கொண்டுபோய் வளைவில் செருகியது. படகு அறையின் கூரை விளிம்பு பெயர்ந்துவிட்டது. கல்லைத் தள்ளப்போன அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல் நசுங்கின. பாலத்தடியில் படகுகளுக்கு வழிகாட்டும் பெர்சி கெட்ஜ்தான் கயிறு வீசி எங்களைப் பின்னுக்கு இழுத்தார். அவர் வாய் சும்மா இருக்குமா? "என்னய்யா டெஸ்மண்ட், கொட்ட எழுத்துல அஞ்சரைன்னு போட்டிருக்கு. கண்ணாடிய மீனுக்கு மாட்டிவிட்டுட்டியா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

விரலுக்குக் கட்டுப் போட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துத் துழாவினார். அப்போதுதான், கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். போன குளிர்காலத்திலிருந்து, எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறையாம். ஓரமெல்லாம் தெரிகிறதாம். "உன்னப் பாத்தா காது ரெண்டும் தெரியுது ஈனிட், மூஞ்சியக் காணோம்" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் கண் அல்ல. அவர் ஓட்டும் பள்ளிக்கூடப் பேருந்து. பதினான்கு பிள்ளைகள், தினமும் இரண்டு வேளை. இந்த வேலை இனி வேண்டாம் என்றேன். "ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். ஜனவரில லைசென்சு புதுப்பிக்கிறப்ப எப்படியும் டாக்டர் கண்ணப் பாக்கத்தான் போறாரு. அதுவரைக்கும் விட்டுடேன்" என்று கெஞ்சினார். உன் அப்பா கெஞ்சி நான் பார்த்ததில்லை. "வளைவு சரி, ரோட்டுக் குறுக்க ஓடுற பிள்ளையும் மனப்பாடமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய் இடக்கையாலேயே கயிற்றை அவிழ்த்தார், வீட்டுக்குத் திரும்பினோம்.

ஏழாம் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. அவர் எழுவதற்கு முன்பே சாவியை எடுத்துக்கொண்டு போய், நம் வாசலில் நிற்கும் பேருந்தின் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஷூவைப் பளபளப்பாக்கி, தொப்பியும் வைத்துக்கொண்டு வந்தார். "சாவியக் குடு, நேரமாச்சு" என்றார். நான் சாலைக் கோடியில் இருக்கும் முதல் நிறுத்தத்தைக் காட்டி, "அங்க எத்தன பிள்ளைங்க நிக்கிறாங்கன்னு சொல்லு, தர்றேன்" என்றேன். பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார். "இன்னும் ஒருத்தரும் வரலயே" என்றார்.

வேலியை ஒட்டி மூன்று பேர் நின்றிருந்தார்கள். அதில் சின்னவள் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு இவர் ஆட்டாததால், "மிஸ்டர் லார்ட்டர்! நாங்க இங்க இருக்கோம்!" என்று கத்தினாள்.

அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து உள்ளே போய் முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஓட்டுநர் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்தப் படியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று கைக்கட்டைப் பற்றிக் கேட்டார்கள். பாலம் கடித்துவிட்டது என்றாராம்.

போன வெள்ளிக்கிழமை நார்விச்சில் கண் டாக்டரைப் பார்த்தோம். போனது திரும்பாது, முழு இருட்டாகவும் ஆகாது என்கிறார்.

அப்பா என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. டாக்டரிடம் போனபோதும் டாக்டரோடு மட்டும்தான் பேசினார். கோபமா, வெட்கமா, எனக்குப் பிடிபடவில்லை. பகலெல்லாம் படகுக் கூரையைத் தடவித் தடவியே செதுக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறார். நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. கண்ணைப் பற்றி விசாரிக்காதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே. உங்கள் ஊர்ப் பனி, உன் வேலை, பக்கத்து வீட்டுப் பூனை, எது வேண்டுமானாலும் எழுது. கறுப்பு மையில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நாலைந்து சொல் மட்டும் போதும். எத்தனை தாள் ஆனாலும் ஆகட்டும். நான் வாசித்துக் காட்டும்படி இருக்கக் கூடாது, அவரே படிக்க வேண்டும். படித்து முடித்தால், ஹேஸல் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா என்று சொல்லவாவது சமையலறைப் பக்கம் வருவார்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். பனியில் பார்த்து நட, கண்ணே.

உன் அம்மா,
ஈனிட்