சேலை போர்த்திய கம்ப்யூட்டர்

கோயம்புத்தூர்,
திங்கட்கிழமை

தூத்துக்குடியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, வடிவு வணங்கி எழுதுவது. கண்ணுக்கு மருந்து நேரத்துக்கு விடுகிறீர்களா? நான் சுகம். ஹாஸ்டல் சமையலில் இடுப்புதான் பிடித்துக்கொள்கிறது, பயப்பட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் முகம் பார்த்துப் பேச எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். பேரன் நம் வீட்டில் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் கண் விழிக்கவே முக்கால் மணி ஆகிறது. போன வாரம் உங்கள் தோள்துண்டைப் பார்த்ததோடு அடுப்படிக்கு ஓடினேன்.

இங்கே வார்டன் அம்மாவின் கம்ப்யூட்டரும் அப்படித்தான் கிடந்தது. பிரேமா என்ற மாணவி சரிசெய்தாள். "ஆச்சி, ஆன் பண்ணினதும் வேண்டாததெல்லாம் சேர்ந்து எந்திரிக்குது, அதை நிப்பாட்டணும். சூடானாலும் திணறும்" என்றாள். நிறுத்தும் விதத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்துதான், ஆனால் தப்பிருக்காது.

சூடு என்றதும்தான் எனக்கு உறைத்தது. நான் கிளம்பிய அன்று, "ஏளா, உப்புக்காத்து தின்னுரும்" என்று என் பழைய சேலையைக் கம்ப்யூட்டர் பெட்டிமேல் சுற்றினீர்களே. ஓடும்போதும் எடுப்பதில்லை. அது மூச்சு முட்டிக் கிடக்கிறது.

சேலையை எடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு நாலு மணிக்குச் சவரம் செய்துவிட்டு உட்காருங்கள். உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன்.

அருணாசலவடிவு